கண்ணுக்குள் புழு: எந்த ஈ என்பதுதான் முதல் கேள்வி

“ஏதோ பூச்சி கண்ணுல வந்து மோதிச்சு, தட்டிவிட்டேன், போயிடுச்சு. ஆனா அப்பவிலிருந்து உறுத்தல் நிக்கவே இல்லை.” ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே கண் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்தால், விஷயம் தெரிந்த மருத்துவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். கண் சிவந்திருக்கும், நீர் வடியும், வெளிச்சம் கூசும், இமை லேசாகத் தடித்திருக்கும். சாதாரணக் கண்வலிக்கும் இதே அறிகுறிகள்தான். ஆனால் இந்த நோயாளி பேச்சுவாக்கில் இன்னொரு சொல்லையும் சொல்வார்: “உள்ளே ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு.” உறுத்துவது வேறு, ஊர்வது வேறு. இரண்டாவதைச் சொல்கிறவரை அப்படியே நம்ப வேண்டும்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் தாடையை ஊன்றச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கிறார்கள். வெள்ளை விழியின் ஓரத்தில் பீளைத் துணுக்கு போல ஒன்று ஒட்டியிருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு. பீளை நகராது; இது நகர்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உடம்பில் வளையம் வளையமாகக் கணுக்கள், கணுக்களில் வரிசையாக நுண்ணிய முட்கள், தலைப்பக்கம் வளைந்த இரண்டு கறுப்புக் கொக்கிகள். வெளிச்சம் மேலே பட்டதும் அது இமையின் மடிப்பை நோக்கி ஓடி ஒளிகிறது. அதைத் தேட உதவும் விளக்கே அதை விரட்டவும் செய்கிறது. அதனால்தான் அவசரமாகப் பார்க்கிறவர்கள் கண்வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட நேர்கிறது.

அது ஈயின் புழு. ஈக்களின் புழுக்கள் உயிருள்ள மனிதரின் அல்லது விலங்கின் உடம்பில் தங்கி, அந்த உடம்பையே தின்று வாழ்வதை மருத்துவத்தில் மையாசிஸ் என்கிறார்கள். ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840இல் பிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் உண்டாக்கிய பெயர் அது. கண்ணில் வந்தால் ஆஃப்தால்மோமையாசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அந்த ஒற்றைப் பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று நிலைமைகள் அடங்கியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஒன்று பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இன்னொன்று பார்வையைப் பறிக்கலாம். மூன்றாவதில் கண்ணையே எடுக்க வேண்டிவரலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு. எது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது எந்த ஈயின் புழு அது என்பதுதான். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ‘கண்ணில் புழு’ என்றதும் வருகிற அருவருப்பில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. சாதாரணமாகத் தீர வேண்டியவர் செத்துப் பிழைக்கிறார். அவசரமாக ஓட வேண்டியவர் வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடக்கிறார்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ‘கண் புழு’ என்று படங்களிலும் காணொளிகளிலும் வரும் நூல் போன்ற நீளப் புழு வேறு. ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் கிரைசாப்ஸ் என்ற கடி ஈ பரப்பும் லோவா லோவா அப்படிப்பட்டது. கண்ணீரைக் குடிக்க வரும் சிறு ஈக்கள் பரப்பும் தெலாசியாவும் அந்த வகைதான். இரண்டும் உருளைப்புழுக்கள், ஈ அவற்றுக்கு வெறும் வாகனம். நாம் பேசுவது ஈயின் பிள்ளைகளைப் பற்றி. வளர விட்டால் இறக்கை முளைத்துப் பறக்கப்போகிறவை.

வாயில்லாத தாய்

கண்ணின் மேற்பரப்பில் காணப்படும் புழுக்களில் பெரும்பாலானவை ஒரே ஓர் ஈயைச் சேர்ந்தவை: ஈஸ்ட்ரஸ் ஓவிஸ், ஆட்டு மூக்கு ஈ. செம்மறியும் வெள்ளாடும் மேயும் சூடான, வறண்ட நாடுகளில் எல்லாம் அது உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள், மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா, இந்தியா என்று மனிதக் கண்ணில் அது கண்டறியப்பட்ட இடங்களின் பட்டியல் நீளமானது.

இந்த ஈயின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளர்ந்த ஈக்கு உண்ணத் தகுந்த வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது ஆட்டின் மூக்குக்குள் தின்று சேர்த்ததை வைத்துத்தான் அதன் சில நாள், சில வார ஆயுள் ஓடுகிறது. வயிறு என்ற கவலை இல்லாததால் தாய் ஈக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை. அது முட்டையும் இடுவதில்லை. முட்டை அதன் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, உயிருள்ள புழுக்கள் தயாராக இருக்கும். வெயிலேறிய நேரத்தில் பறந்து வந்து, ஆட்டின் மேல் உட்காராமலே, மூக்குத் துவாரத்தை நோக்கி ஒரு சொட்டுத் திரவத்தோடு புழுக்களைப் பீச்சிவிட்டுப் போய்விடுகிறது. அத்தனையும் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஒரு தாய் தன் ஆயுளில் 500 புழுக்கள் வரை இப்படி விடக்கூடும். ஆடுகளுக்கு இந்த ஈயைத் தெரியும். அது வரும் சத்தம் கேட்டாலே மேய்ச்சலை விட்டுவிட்டு ஒன்றுகூடி, மூக்கைத் தரையிலோ பக்கத்து ஆட்டின் ரோமத்திலோ புதைத்துக்கொண்டு நிற்கும்.

ஆட்டின் மூக்கில் இறங்கிய புழு கொக்கியால் பற்றிக்கொண்டு மேலேறி, நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகளுக்குப் போய் வளர்கிறது. சில வாரங்களோ பல மாதங்களோ ஆகலாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் பருத்ததும் ஆடு தும்முகிற தும்மலில் மண்ணில் விழுந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவருகிறது. சுற்று முழுமையாகிவிட்டது.

இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. ஆட்டுக்குப் பதிலாக மனித முகம் எதிர்ப்பட்டால் அந்தச் சொட்டு கண்ணில் விழுகிறது. தவறான வீட்டு வாசலில் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள் மாதிரிதான் அந்தப் புழுக்களின் நிலைமை. மனிதக் கண்ணில் அவை அடுத்த பருவத்துக்கு வளர்வதில்லை; பத்து நாளுக்குள் தாமாகவே செத்துவிடும். அதுவரை பிடிப்புக்காகக் கொக்கியால் கீறுகின்றன, உடம்பின் முட்களால் உரசுகின்றன. சிவப்பு, நீர், சிறு ரத்தக்கசிவு, கருவிழியின் மேற்பரப்பில் சிராய்ப்பு எல்லாம் அதனால் வருபவை. கண்ணைத் துளைத்து உள்ளே போவது இந்த இனத்தில் மிக மிக அரிது.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்ததில்லை. அல்ஜீரியாவின் கபைல் மலைமக்கள் இதற்கு ‘திம்னி’ என்று பெயரே வைத்திருந்தார்கள். எட்மண்ட் செர்ஜண்ட், எட்டியன் செர்ஜண்ட் என்ற சகோதரர்கள் 1907இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதினார்கள். சகாராவின் மலைகளில் வாழும் துவாரெக் மக்கள் ‘தம்னே’ என்று சொல்வதும் இதே நோய்தான் என்று 1913இல் காட்டினார்கள். ஈ முகத்தில் மோதுகிறது, பிறகு கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல் வருகிறது என்ற காரண காரியத் தொடர்பை மேய்ப்பர்கள் பார்த்துச் சொன்னது சரியாக இருந்தது. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு ஆட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத நகரவாசிகளிடமும் இது காணப்படுகிறது. ஆகவே “நீங்கள் ஆடு வளர்க்கிறீர்களா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்தால், அதோடு தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை முதலில் விடுகிறார்கள். அதனால் நோயாளிக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடிகிறது. புழுவின் பிடியும் தளர்கிறது. பிறகு நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தண்ணீர் பீச்சிக் கழுவினால் மட்டும் போகாது, கொக்கி அப்படி. ஒன்றை எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடவும் கூடாது; ஒரே கண்ணில் பத்து, இருபது இருக்கலாம். மேல் இமையை முழுக்க மடித்துத் திருப்பி, அதன் அடி மடிப்பு வரை பார்க்க வேண்டும். தொற்று வராமலிருக்கச் சொட்டு மருந்து, வீக்கம் இருந்தால் அதற்கும் ஒன்று. மறுநாள் மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பது கட்டாயம். மடிப்பில் ஒளிந்திருந்த கடைசிப் புழு அன்றைக்குத்தான் அகப்படும். நோயாளிகளுக்குப் பெரும்பாலும் மேசையை விட்டு எழுந்திருக்கும்போதே பாதி நிம்மதி வந்துவிடும்.

விழித்திரைக்கு அடியில் ஒரு தடம்

இரண்டாவது நிலைமையில் கண்ணுக்கு வெளியே எதுவும் தெரியாது. புழு கண்பந்துக்குள் இருக்கிறது. ஆட்டு மூக்கு ஈயின் புழுவுக்கு அந்த வழக்கம் இல்லை. ஹைப்போடெர்மா இனத்து ஈக்களின் புழுவுக்கு உண்டு. பிறவியிலேயே அது ஒரு நெடும்பயணி. மாட்டைத் தாக்கும் ஹைப்போடெர்மா போவிஸ் காலோரத்து முடியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். பொரித்த புழு தோலைத் துளைத்து, சதையைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டே மாதக்கணக்கில் உடம்புக்குள் பயணம் செய்து, முதுகெலும்புக் குழாய் வழியாக முதுகுத் தோலுக்கு வந்து சேரும். அங்கே மூச்சு விட ஒரு துளை போட்டுக்கொண்டு வளர்ந்து, மண்ணில் விழும். அதன் நெருங்கிய உறவான இன்னொன்று உணவுக்குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே முதுகுக்குப் போகிறது.

இந்தப் பயணி மனித உடம்பில் புகுந்துவிட்டால் போகவேண்டிய இடம் தெரியாமல் அலைகிறது. வட துருவத்தை ஒட்டிய நாடுகளில் கலைமான்களின் ஈயான ஹைப்போடெர்மா தராண்டி இப்படி மனிதரைத் தாக்குகிறது. நார்வே, சுவீடன் ஆகியவற்றின் வட பகுதிகளிலும் கிரீன்லாந்திலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களில் குழந்தைகள் நிறைய. ஈ தலைமுடியில் முட்டை ஒட்டுகிறது. சில வாரங்கள் கழித்து நெற்றியிலோ இமையிலோ ஒரு வீக்கம் வரும், ஓரிரு நாளில் மறையும், வேறிடத்தில் எழும்பும். கழுத்தில், காதோரத்தில் நெறி கட்டும். ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும். இந்த இடம் மாறும் வீக்கத்தை அறிந்த மருத்துவர் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தைக் கொடுத்து, புழு கண்ணை எட்டுமுன் தடுக்க முடியும். அறியாதவர் ஒவ்வாமை என்று நினைக்கும் நாட்களில் புழு நடந்துகொண்டிருக்கும்.

கண்பந்துக்குள் புகுந்தபின் அது விழித்திரைக்கு அடியில் ஊர்கிறது. அங்கே நிறமி அணுக்களாலான ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. புழு போன இடமெல்லாம் நிறம் கலைந்து வெளிறிய கோடு விழும். பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்க்கும் மருத்துவருக்குச் செம்பழுப்புப் பின்னணியில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் வெளிர்கோடுகள் தெரியும். பெரிய ரயில் நிலையத்துக்கு வெளியே தண்டவாளங்கள் பின்னிப் பிரிகிற மாதிரி. புழு செத்து வருடங்கள் ஆன பிறகும் அந்தக் கோடுகள் அப்படியே இருக்கும். வேறு எதற்கோ கண்ணைக் காட்ட வந்தவரிடம் தற்செயலாக இந்தத் தடம் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. தன் கண்ணுக்குள் ஓர் உயிர் சுற்றித் திரிந்து முடிந்துபோனது அவருக்குத் தெரியவே தெரியாது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. கூர்மையான பார்வைக்குரிய நடுப்புள்ளியின் வழியாகப் புழு போனால் நடுப்பார்வை போய்விடும். ரத்தக்கசிவு, கண்ணின் உட்புற அழற்சி, விழித்திரை பிய்ந்துவருவது, பார்வை நரம்பு பழுதாவது எல்லாம் நடக்கலாம். இங்கே மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு நுணுக்கமானது. செத்த புழு அமைதியாகக் கிடந்தால், அழற்சி இல்லாவிட்டால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. உயிரோடு விழித்திரைக்கு அடியில், நடுப்புள்ளியை விட்டு விலகி இருந்தால் லேசரால் சுட்டுவிடலாம். கண்பந்தின் நடுவில் நிறைந்திருக்கும் ஜெல்லிக்குள் மிதந்தால் அறுவைசிகிச்சையில் உறிஞ்சி எடுக்கிறார்கள். சாகும்போது புழுவின் உடம்பிலிருந்து கசிவது கடும் அழற்சியைக் கிளப்பக்கூடும் என்பதால் ஸ்டீராய்டு மருந்தும் உடன் செல்லும். வட அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது எலி, முயல்களின் ஈயான குட்டெரெப்ரா.

நடு, தென் அமெரிக்காவின் மனித ஈயான டெர்மடோபியா ஹோமினிஸையும் ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. தாய் ஈ தானாக வந்து முட்டையிடுவதில்லை. பறக்கிற கொசுவைப் பிடித்து, அதன் வயிற்றில் முட்டைகளை ஒட்டி அனுப்புகிறது. கொசு கடிக்க உட்காரும்போது உடல்சூட்டில் புழு வெளிவந்து தோலுக்குள் இறங்கும். இமையில் இறங்கினால் நடுவில் சிறு துளையோடு ஒரு கட்டி. உற்றுப் பார்த்தால் அந்தத் துளையில் மூச்சுக்குழல் எட்டிப்பார்க்கும். துளையை வாசலின் போன்ற பசையால் அடைத்தால் மூச்சுக்காகப் புழு மேலே வரும், அப்போது எடுக்கலாம். இல்லாவிட்டால் சிறு கீறல். பார்வைக்கு ஆபத்து அரிது.

திருகி இறங்குவது

மூன்றாவது நிலைமையைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. கண்ணைச் சுற்றிய சதை, கண்குழி, சில சமயம் கண்பந்து உட்பட எல்லாவற்றையும் புழுக்கள் கூட்டமாகத் தின்பது இது. காரணமானவற்றில் மிகக் கொடியவை திருகுப்புழுக்கள். ஆப்பிரிக்கா, வளைகுடா நாடுகள், இந்தியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் கிரைசோமையா பெசியானா. அமெரிக்கக் கண்டங்களில் கொக்லியோமையா ஹோமினிவோராக்ஸ். இரண்டாவதன் பெயருக்கு ‘மனிதனை விழுங்குவது’ என்று பொருள். பிரெஞ்சு கயானாவின் தண்டனைக் குடியிருப்பில் கைதிகளின் முகத்தைத் தின்ற புழுக்களைப் பார்த்து, சார்ல் கொக்கரெல் என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் 1858இல் வைத்த பெயர் அது.

தாய் ஈ புண்ணின் வாடையைப் பிடித்து வருகிறது. புண்ணின் விளிம்பில் 150, 200 முட்டைகளை அடுக்கிவிட்டுப் போகிறது. ஒரு நாளைக்குள் பொரித்து, புழுக்கள் தலைகீழாக உயிர்ச்சதைக்குள் திருகிக்கொண்டு இறங்குகின்றன. மூச்சு விடும் பின்பக்கம் மட்டும் மேலே தெரியும். புண் பெரிதாகும், வாடை கூடும், அந்த வாடைக்கு இன்னும் ஈக்கள் வரும். ஐந்து முதல் ஏழு நாட்களில் புழுக்கள் முற்றி மண்ணில் விழ, அடுத்த கூட்டம் உள்ளே இருக்கும்.

இங்கே வேறொரு புழுவை நினைவுபடுத்துவது நியாயம். லூசிலியா செரிகேட்டா என்ற பச்சை ஈயின் புழு, மருத்துவத்துக்கென்று வளர்க்கப்படும் வகையில், புண்ணில் இருக்கும் செத்த சதையை மட்டுமே தின்னும். அதனால் ஆறாப் புண்களைச் சுத்தம் செய்யக் கிருமி நீக்கிய அந்தப் புழுக்களையே மருத்துவர்கள் வைக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் அதற்கு அனுமதி கொடுத்தது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் புழுதான். ஒன்று புண்ணை ஆற்றுகிறது, மற்றது உயிருள்ள முகத்தைத் தின்கிறது.

யாருக்கு இது வருகிறது என்பதைப் பார்த்தால் மனம் கனக்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற முதியவர்கள். பக்கவாதத்தாலோ நினைவு தப்பியதாலோ கையைத் தூக்கி ஓர் ஈயை ஓட்ட முடியாதவர்கள். இமை மூடாமல் கிடக்கிற நோயாளிகள். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி மரத்தவர்கள். இமையில் ஒரு புற்றுக்கட்டி மெல்ல வளர்ந்து, வலிக்காததால் வருடக்கணக்கில் விடப்பட்டு, புண்ணாகி நீர் வடிகிறவர்கள். ஆரோக்கியமான ஒருவர் கையை வீசி ஓட்டிவிடுகிற ஈ, இவர்கள் முகத்தில் உட்கார்ந்து முட்டையிட்டு முடிக்கும் வரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இந்த நோயின் தொடக்கம். கிருமியையோ ஈயையோ மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை முகத்தைத் துடைத்து, புண்ணின் கட்டை மாற்ற ஓர் ஆள் இருந்திருந்தால் பெரும்பாலும் இது நடந்திருக்காது.

தமிழில் ‘புழுத்துப்போ’ என்பது சாபம். ‘புழு வைத்துவிட்டது’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்வது அவரைப் பார்த்துக்கொண்டவர்களின் மேல் விழும் பழிச்சொல். அதனால்தான் குடும்பங்கள் மறைக்கின்றன, இரண்டு நாள் தள்ளிப்போடுகின்றன, கையில் கிடைத்ததை ஊற்றிப் பார்க்கின்றன. திருகுப்புழுவுக்கு இரண்டு நாள் என்பது கண்குழியிலிருந்து சைனஸ் வரைக்கும் போகப் போதுமான காலம். அங்கிருந்து மூளை மெல்லிய எலும்புச் சுவருக்கு அப்பால்தான் இருக்கிறது. எனவே பழியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மருத்துவமனையில் செய்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுப்பது, ஐவர்மெக்டின் கொடுப்பது, அழுகிய சதையை வெட்டி நீக்குவது, தொற்றுக்கு ஆன்டிபயாடிக், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன். ஆழத்தில் இருப்பவற்றை வெளியே வரவைக்க டர்பன்டைன் எண்ணெயைச் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு வீட்டிலே செய்யக் கூடாது. கண்ணின் மேற்பரப்பை அது பொசுக்கிவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணும் போகும். கண்பந்தே அழிந்து, பரவல் நிற்காதபோது கண்குழியை முழுவதும் நீக்க வேண்டிவருகிறது.

ஒரு கண்டத்தின் பாதியிலிருந்து விரட்டியது

திருகுப்புழுவை எதிர்த்து மனிதர்கள் செய்த காரியம் ஒன்று உண்டு. எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லேண்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பூச்சியியலாளர்கள், பெண் ஈ பொதுவாக வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இணைசேரும் என்ற விவரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிக் கோடிக்கணக்கில் வானத்திலிருந்து இறைத்தால், அவற்றோடு சேரும் பெண் ஈக்களின் முட்டைகள் பொரிக்காது. 1954இல் கரீபியன் கடலின் குரசாவ் தீவில் செய்து பார்த்தார்கள். சில மாதங்களில் தீவில் திருகுப்புழு இல்லை. பிறகு புளோரிடா. 1966இல் அமெரிக்கா தன் மண்ணில் ஒழிந்ததாக அறிவித்தது. திரும்பத் திரும்ப எல்லை தாண்டி வந்ததை அடக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1991இல் மெக்சிகோ, 2006இல் பனாமா வரை. 1988இல் எப்படியோ லிபியாவுக்குள் அது புகுந்துவிட்டபோது, மெக்சிகோவில் வளர்த்த மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுபோய் இறைத்து அங்கேயும் அழித்தார்கள். ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்க வேண்டியது அது.

கால்நடைக்காகச் செய்யப்பட்ட வேலைதான். ஆனால் எத்தனை மனித முகங்கள் அதனால் தப்பின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இந்த வேலிக்கு ஓய்வு கிடையாது. பனாமா, கொலம்பியா எல்லைக் காட்டில் வாரம் தவறாமல் மலட்டு ஈக்களை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். 2023இல் பனாமாவில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதே ஆண்டு கோஸ்டா ரிகாவைத் தொட்டது. நிகராகுவா, ஹோண்டுராஸ், குவாத்தமாலா என்று வடக்கே ஏறி 2024 நவம்பரில் மெக்சிகோவை எட்டியது. மாடுகளோடு மனிதர்களும் நோயாளிகளாகப் பதிவானார்கள். பல பத்தாண்டுகளாக இதைப் பார்த்தே இராத மருத்துவர்கள் மறுபடி பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

கண்ணில் ஏதோ மோதி ஊர்கிற உணர்வு இருந்தால் கசக்காதீர்கள்; கசக்கினால் புழு போகாது, கருவிழி கீறிக்கொள்ளும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், பூச்சி மோதியதை மறக்காமல் சொல்லுங்கள். இமையிலோ முகத்திலோ புண்ணோடு கிடக்கிறவர் வீட்டில் இருந்தால் கொசுவலையைப் பகலிலும் கட்டுங்கள். ஈக்களில் பெரும்பாலானவை பகலில்தான் வேலை செய்கின்றன.

எடுத்த புழுவைத் தூக்கி எறியக் கூடாது. கொதிநிலைக்குச் சற்றே கீழான வெந்நீரில் சில நொடி முக்கி, பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைத்தால் உடம்பு சுருங்காமல் இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் அதன் கொக்கியின் வடிவத்தையும், முட்களின் வரிசையையும், பின்பக்கத்து மூச்சுத் துளைகள் அமைந்த விதத்தையும் நுண்ணோக்கியில் பார்த்து இனத்தைச் சொல்வார்கள். ஆட்டு மூக்கு ஈ என்று பதில் வந்தால், நோயாளி வீட்டில் நிம்மதியாகத் தூங்கி மறுநாள் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகலாம். ஹைப்போடெர்மா என்றால் பாப்பாவை விரியவைத்து விழித்திரை முழுவதையும் தேட வேண்டும். திருகுப்புழு என்றால் அந்த நோயாளி மருத்துவமனைப் படுக்கையில் இருக்க வேண்டும், ஸ்கேன் அன்றிரவே எடுத்தாக வேண்டும்.